தாய்மாமன் மடி

முதலில் தவசி பயந்தது விமானத்துக்குத்தான். அது ஒரு சுகமான பயம். வெளியே சொல்லலாம். சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்போது தனக்கும் கொஞ்சம் லேசாகிவிடும்.

"காது அடைச்சுக்கிருமாமேண்ணே," என்றான் சோணையிடம்.

"அடைக்கும். மிட்டாய் குடுப்பாங்க, வாயில போட்டுச் சப்பணும். நீ சப்பி முடிச்சுட்டு இன்னொண்ணு குடுங்கன்னு கேட்டு ஊரு மானத்த வாங்கிறாத."

"நீங்க எப்பண்ணே பிளேன்ல போனீங்க?"

"நான் எங்கடா போனேன். திருமங்கலம் ரயில்வே கேட்டோட சரி. எல்லாம் படத்துல பாத்ததுதான்."

உசிலம்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் சோணையின் கம்ப்யூட்டர் சென்டர். கல்லூரி முடித்ததிலிருந்து தவசிக்கு அங்கேதான் வேலை. ஜெராக்ஸ் எடுப்பான், பட்டா நகல் இறக்கிக் கொடுப்பான், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் வடிவமைப்பான். அவனோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களில் ஒருவன் மாட்டுத்தீவனக் கடையில் இருந்தான். இன்னொருவன் கப்பலூர் மில்லில் ஷிப்டுக்குப் போனான். யாரும் யாரையும் ஏன் இப்படி என்று கேட்டுக்கொள்வதில்லை.

அதனால் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று வந்தபோது அவன் மனம் அவனுக்கு முன்னே கிளம்பிப் போய்விட்டது. அவன் பார்த்திராத அந்த நகரத்தில் எப்போதும் மழை பெய்துகொண்டிருந்தது. உயரமான ஒரு ஜன்னல், அதன் ஓரத்தில் ஒரு மேசை, கீழே ஈரத் தெருவில் விளக்குகள் ஓடிக்கொண்டிருக்கும். வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் பிறந்தவனுக்கு வெளிநாடு என்றால் முதலில் மழைதான் தோன்றியது. அந்த ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தபடியே அவன் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்துத் தள்ளினான்.

வேலையைச் சொன்னவன் செல்வக்குமார். தவசியின் அண்ணன் நல்லகாமனுக்கு மனைவி சத்யப்ரியா. அவளுடைய ஒரே தம்பி. தவசிக்கும் அவனுக்கும் ஒரே வயது, சின்ன வயதிலிருந்தே பழக்கம், ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். சித்திரையில் அவன் தாய்லாந்து போனான். ஐப்பசியில் தவசிக்கும் அங்கே இடம் இருக்கிறது என்றான். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் இருந்த ஏஜென்ட் ரகுபதி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். பைசா கேட்கவில்லை. "காசு வாங்காத ஏஜென்ட்ட இப்பத்தான் பாக்குறேன், சாமி மாதிரி," என்றாள் தவசியின் அம்மா முத்துத்தாய். வருகிற வியாழக்கிழமை விமானம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வக்குமார் வீடியோவில் வந்தான். வீட்டில் எல்லோரும் செல்போனைச் சுற்றி நின்றார்கள். சத்யப்ரியா இடுப்பிலிருந்த பாப்பா திரையை நக்கப் பார்த்தது. செல்வக்குமார் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். அவன் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"ஏர்போர்ட்டுக்கு ஆள் வரும் மாப்ள, பயப்படாத," என்றான்.

"அவன் பயப்படாம இருந்தாத்தான் அதிசயம்," என்றார் நல்லகாமன். "அது கெடக்கட்டும். தையில பாப்பாவுக்குக் காதுகுத்து. லீவு சொல்லிட்டயா? சீர் தட்டோட நீ முன்னால வரணும் மாப்ள. மேளம் பேசியாச்சு."

செல்வக்குமார் சிரித்தான். பிறகு, எழுதிவைத்ததைப் படிப்பதுபோல ஒரே வேகத்தில் சொன்னான்:

"லீவு கஷ்டம் மச்சான். அதுக்கென்ன, தவசி இருக்கான்ல. அவன் மடியில வச்சுக் குத்திருங்க. மாப்ள, நீ மடியில வச்சுக்க. நான் சொல்றேன்ல, நீ வச்சுக்க."

திரையின் ஓரத்தில் ஒரு கை தெரிந்து மறைந்தது. அழைப்பு நின்றுவிட்டது.

காது குத்தும்போது குழந்தை உட்காரும் இடம் தாய்மாமன் மடி. அதை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ராணுவத்தில் இருப்பவன் வரவேண்டுமென்று வருடக்கணக்காகக் காத்திருந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காது குத்திய வீடுகள் உண்டு. சொந்தத் தாய்மாமன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமனைத் தேடுவார்கள். அப்பாவின் தம்பி மடியில் வைப்பது என்ற பேச்சே கிடையாது. அவன் பங்காளி. அப்படி வைத்தால் பிள்ளைக்கு மாமன் வீடே அற்றுப்போய்விட்டது என்று அர்த்தம்.

நல்லகாமனுக்கும் அப்படித்தான் அர்த்தமானது.

"வெளிநாட்டுச் சம்பளம் வாங்குனதும் ஒறவு வேணாம்னு ஆயிருச்சு," என்றார். "சீர் செய்ய வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லட்டும். எந் தம்பி மடியில வையின்னு எனக்கே சொல்றான். எம்புட்டுத் திமிரு."

"அவன் அப்படி நெனச்சுச் சொல்லிருக்க மாட்டான்," என்றாள் முத்துத்தாய்.

"பின்ன எப்படி நெனச்சான்? நீ கேட்டுச் சொல்லு."

சத்யப்ரியா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் தவசி வேலைக்குக் கிளம்பும்போது நல்லகாமன் வாசலில் நின்று சொன்னார்: "அந்த ஃப்ளெக்ஸ்ல அவன் படத்த எடுத்துரு."

ஃப்ளெக்ஸைத் தவசிதான் செய்து வைத்திருந்தான். நடுவில் பாப்பா, வலதுபக்கம் கறுப்புக் கண்ணாடியும் வேட்டியுமாகச் செல்வக்குமார், கீழே பெரிய எழுத்தில் தாய்மாமன் சீர். கடையில் அந்தக் கோப்பைத் திறந்து, செல்வக்குமாரைச் சுற்றிக் கோடு போட்டு அழித்தான். அவன் இருந்த இடம் வெள்ளையாக ஆனது.

"என்னடா, மாமனக் காணோம்," என்றார் சோணை பின்னாலிருந்து.

"வரமாட்டானாம்ணே."

"அப்ப யாரு மடியில வைக்கிறது?"

"என் மடியில வைக்கச் சொல்லிட்டான்."

சோணை சிரித்தார். "உன் மடியிலயா? அதுக்கு நீ ஊர்ல இருக்கணும்லடா. ரெண்டு பேரும் அங்க போயி உக்காந்துக்கிட்டா, பிள்ளைய கூரியர்ல அனுப்புவாங்களா?"

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். தவசி திரையைப் பார்த்தபடி இருந்தான். ஃப்ளெக்ஸின் உச்சியில் தை மாதத் தேதி சிவப்பில் இருந்தது.

தையில் அவன் இங்கே இருக்கப்போவதில்லை. அது செல்வக்குமாருக்குத் தெரியும். வியாழக்கிழமை ஏர்போர்ட்டுக்கு ஆள் வரும் என்று சொன்ன அதே வாய்தான், கொஞ்ச நேரம் கழித்து, நீ மடியில வச்சுக்க என்றது. அவமானம் அத்தனை பெரிதாக இருந்ததில் வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

தையில் நீ ஊரிலேயே இரு என்கிறான். தையில் நான் ஊருக்கு வரமாட்டேன் என்கிறான்.

தவசி திரையிலிருந்து கண்ணை எடுத்தான். அந்த மழைபெய்யும் ஜன்னலைத் திரும்ப நினைத்துப்பார்க்க முயன்றான். மேசை வந்தது, சுவர் வந்தது. ஜன்னல் வரவில்லை. இத்தனை மாதத்தில் செல்வக்குமார் ஒரு தெருவைக்கூடக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மரம், ஒரு கடை, ஒரு துண்டு வானம் எதுவும் இல்லை. எப்போதும் அதே வெள்ளைச் சுவர்தான். யாரோ பட்டா நகல் கேட்டு வந்து நின்றார்கள். அவனுக்கு அவர்கள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. விமானத்தில் காது அடைக்கும் என்றார்களே, அது இங்கேயே அடைத்துவிட்டது.

அன்று முழுவதும் தன் மனமே தன்னை மிரட்டுகிறது என்று சொல்லிப் பார்த்தான். நல்ல சம்பளத்துக்குப் போக பயந்து காரணம் தேடுகிறாய் என்றும் சொல்லிப் பார்த்தான். இரண்டும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்யப்ரியா வீட்டுக்குப் பின்னால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தவசி எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"மதினி, செல்வம் அன்னைக்குச் சொன்னது..."

"நீயும் ஏசப் போறயா. ஏசு. உங்கண்ணன் மிச்சம் வச்சிருந்தா ஏசு."

"ஏசல. தையில நான் இங்க இருக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும் மதினி. தெரிஞ்சேதான் சொல்லிருக்கான்."

அவள் விரல்கள் காம்பிலேயே நின்றன. அவள் ஆச்சரியப்படுவாள், இல்லையென்றால் அழுவாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் கீரையைப் பார்த்தே சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சு."

தவசி இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தான்.

"புரட்டாசில ஒருநா கூப்புட்டான். வேற யாரு போன்லருந்தோ. அழுதான். தாய்லாந்துன்னு எறக்கி, ராத்திரியோட ராத்திரியா ஆத்தத் தாண்டி எங்கயோ கொண்டுபோயிட்டாங்களாம். பொம்பள மாதிரி பேசி, போன்லயே ஆளுகள ஏமாத்திக் காசு புடுங்குற வேலையாம். செய்யலேன்னா அடி. கரண்டு வப்பாங்களாம்." அவள் குரல் சமமாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "ஒரு ஆளக் கொண்டாந்து விட்டா தன்னைய அனுப்பிருவாங்கன்னு சொன்னான். கட் ஆயிருச்சு."

"அடுத்த மாசந்தான் எனக்கு வேலை இருக்குன்னு சொன்னான்."

"ஆமா."

"அன்னைக்கு நீங்க கேசரி கிண்டுனீங்க மதினி."

"ஆமா. கிண்டுனேன்."

கோழி ஒன்று உதிர்ந்த கீரையைக் கொத்த வந்தது. அவள் விரட்டவில்லை. தவசி அவளுடைய கைகளைப் பார்த்தான். தினமும் அவனுக்குச் சோறு போடுகிற கைகள். அந்தக் கேசரியை அவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றிருந்தான். எழுந்து ஓடிவிட வேண்டும்போல ஒரு நொடி இருந்தது. எங்கே ஓடுவது? அதுதான் அவன் வீடு.

"அவன் என் தம்பி, தவசி," என்றாள். "நீயும் நல்லவன்தான், கெட்டிக்காரன், எப்படியாச்சும் தப்பிச்சுக்குவன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தெனமும் சொன்னேன். சொல்லாட்டி தூக்கம் வரல." பிறகு முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா அவனே வேணாம்னுட்டான். அம்புட்டு அடி வாங்குறவன், தான் வெளிய வர்ற வழிய அடச்சுக்கிட்டு உன்னைய நில்லுன்னுட்டான். இதுக்கு மேல நான் எப்படி வாய மூடிக்கிட்டு இருக்க. போகாத."

போகாமல் இருப்பது எளிது என்றுதான் தவசி அதுவரை நினைத்திருந்தான். வரவில்லை என்று ஏஜென்டிடம் சொன்னால் தீர்ந்தது. இப்போது அந்தச் சொல்லையே நினைக்க நடுங்கியது. நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்தவன் இன்று திடீரென்று வரமாட்டேன் என்றால், நடுவில் பேசியது யார் என்று பார்ப்பார்கள். பதிவாகியிருக்கும் செல்வக்குமாரின் பேச்சைத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள். அடி அவனுக்குத்தான் விழும்.

இருவருமாக நல்லகாமனிடம் சொன்னார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். சத்யப்ரியாவை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று தவசி தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பிறகு கேட்டார்:

"படத்த எடுத்துட்டயா?"

"எடுத்துட்டேன்ணே."

"திரும்ப வையி."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். நல்லகாமனும் சத்யப்ரியாவும் அங்கே போவதென்றும், அப்படியே போலீசிலும் சொல்வதென்றும் முடிவானது. தவசி ஆரப்பாளையம் போக வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொள்ளத் திங்கட்கிழமை வா என்று ரகுபதி ஏற்கெனவே சொல்லியிருந்தான். போகாவிட்டால் சந்தேகம் வரும். "போயி, எப்பவும் போல இரு," என்றார் நல்லகாமன். "உனக்கு எப்பவும் போல இருக்கத் தெரியும்ல?"

பேருந்தில் தவசி எப்பவும் போல என்றால் எப்படி என்று யோசித்துக்கொண்டே போனான். செக்கானூரணியில் ஏறிய ஒருவர் அவனை உற்றுப் பார்ப்பதுபோலத் தெரிந்தது. அவர் ஜன்னல் சீட்டைத்தான் பார்த்திருக்கிறார். நாகமலை தாண்டியதும் தூங்கிவிட்டார்.

லாட்ஜ் ஒரு புரோட்டாக் கடைக்கு மேலே இருந்தது. கொத்துப் புரோட்டா தட்டும் சத்தம் படியெல்லாம் ஏறி வந்தது. ரகுபதி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். திண்டுக்கல் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. பார்த்ததும் எழுந்து தோளைத் தட்டி, டீ சொல்லிவிட்டான்.

"என்ன தம்பி, மொகம் பேயடிச்ச மாதிரி இருக்கு?"

"பிளேன் நெனப்புதாண்ணே."

"எல்லாரும் அப்படித்தான். மேல ஏறுனதும் போட்டோ எடுக்க ஆரம்பிச்சிருவீங்க." டீயை நீட்டினான். பிறகு சாதாரணமாக, செருப்பு எங்கே வாங்கினாய் என்று கேட்பதுபோலக் கேட்டான்: "வெள்ளிக்கிழமை செல்வம் ஏதோ காதுகுத்துன்னு பேசுனானாமே?"

டம்ளர் சூடாக இருந்தது. தவசி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாண்ணே. எங்கண்ணன் மகளுக்கு."

"எப்ப?"

"தையிலன்னு வச்சிருந்தாங்க."

"தையில நீ அங்க வேலையில இருப்பயே. உன் மடியில வையின்னு அவன் எப்படிச் சொன்னான்?"

கீழே கொத்துச் சத்தம் நின்றிருந்தது. ரகுபதி சிரித்த முகத்தோடுதான் இருந்தான். கண் மட்டும் இமைக்கவில்லை.

"அதாண்ணே, இந்தப் புதன்கிழமைக்கு மாத்திட்டாங்க," என்றது தவசியின் வாய். வேறு யாரோ பேசுவதுபோல அவனே கேட்டுக்கொண்டிருந்தான். "நானும் கெளம்பிட்டா எடுத்துச் செய்ய ஆளு இல்லேன்னு. அம்மா சொல்லித்தான் செல்வத்துக்கு முன்னமே மெசேஜ் போட்டிருந்தேன், அண்ணன் அப்புறந்தான் ஒத்துக்கிட்டாரு."

"சரி. ஆனா நீ பங்காளியில்ல? உன் மடியில எப்படி வப்பாங்க? எங்க பக்கம் வைக்க மாட்டோமே."

"எங்க பக்கமும் வைக்க மாட்டாங்கண்ணே." தவசிக்குப் பொய் தீர்ந்துபோய் உண்மை மட்டும்தான் கையில் இருந்தது. அதையே எடுத்து நீட்டினான். "அதுக்குத்தான் வீட்ல ஒரே சண்டை. சீர் செய்ய வலிக்குது, அதான் எந் தம்பி தலையில கட்டுறான்னு எங்கண்ணன் பேசாத பேச்சில்ல. மதினி ரெண்டு நாளா சாப்புடல. ஃப்ளெக்ஸ்ல அவன் படத்தையே எடுத்துருன்னுட்டாரு."

ரகுபதி அவனையே பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"மாமன் மச்சான் சண்டையா. அடப் பாவிகளா. அங்க உக்காந்துருக்கவன் என்னமோ ஏதோன்னு என்னையப் போட்டுக் கொடையிறான்." செல்போனை எடுத்தான். "இரு, நீயே அவன்கிட்ட பேசிரு. நீ வாரேன்னு உன் வாயால கேட்டாத்தான் அவுங்களுக்கு நிம்மதி."

தவசி வேண்டாம் என்று சொல்வதற்குள் திரை வெளிச்சமானது. வெள்ளைச் சுவர். செல்வக்குமார். உதட்டோரம் வீங்கியிருந்தது. பின்னால் ஒருவன் வயிறு மட்டும் தெரிய நின்றான்.

"என்ன மாப்ள," என்று சிரித்தான் செல்வக்குமார். "வியாழக்கிழமை வாரியா?"

அந்தக் கேள்வியில் குரல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தவசிக்குத் தெரிந்தது. சின்ன வயதில் கிணற்றில் குதிக்கப் பயந்து நின்ற தன்னைப் பார்த்துக் குதிக்காத, குதிக்காத என்று கத்திய அதே முகம். அவன் வரல என்ற ஒரே ஒரு சொல்லைக் கேட்கக் காத்திருந்தான். அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் பின்னால் நிற்பவனும் கேட்பான்.

"வாரேன் மாப்ள," என்றான் தவசி.

செல்வக்குமாரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் ஏதோ உள்ளே விழுந்துவிட்டதுபோல ஆயின. தான் சொன்னது எதுவும் போய்ச் சேரவில்லை. தவசி ஒன்றும் புரியாமல் வந்துகொண்டிருக்கிறான். செல்வக்குமாருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

"நல்லா யோசிச்சுக்க மாப்ள," என்றான், சட்டென்று, சன்னமாக. "உங்கம்மா வயசான காலத்துல..."

வயிறு ஒரு எட்டு முன்னால் வந்தது. ரகுபதி செல்போனைப் பக்கத்தில் இழுத்தான். இன்னும் இரண்டு சொல் பேசவிட்டால் செல்வக்குமார் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

"யோசிக்கிறதெல்லாம் யோசிச்சாச்சு," என்றான் தவசி. குரலில் எகத்தாளம் வேண்டும். வரவழைத்துக்கொண்டான். "நீ மட்டும் அங்க சம்பாதிச்சு, நான் இங்க ஜெராக்ஸ் எடுக்கணுமா? வாய மூடுறா மாப்ள. மூடிக்கிட்டு நான் வர்ற வரைக்கும் பேசாம இரு. புரியுதா, பேசாம இரு."

ரகுபதி சிரித்தான். அந்தப் பக்கம் நின்றவனும் சிரித்தது கேட்டது. செல்வக்குமார் வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் தவசியையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான், யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிறவன் ஆட்டுவதுபோல. திரை அணைந்தது.

"இந்தா டிக்கெட்டு," என்று ஒரு தாளை நீட்டினான் ரகுபதி. "பாஸ்போர்ட்ட வியாழக்கிழமை காலையில ஏர்போர்ட்ல குடுப்பேன். டீயக் குடி, ஆறுது."

தவசி டம்ளரைத் தூக்கினான். அது உதடுவரை வருவதற்குள் தளும்பிச் சட்டையில் கொட்டியது. இதுவும் பிளேன் நெனப்புத்தானா என்று ரகுபதி கேட்டான். ஆமாண்ணே என்றான். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் யாராவது ஒரு அதிகாரி அந்த மனுவைப் படிக்க வேண்டும். செல்வக்குமார் அதுவரை பேசாமல் இருக்க வேண்டும். பேசாம இரு என்று சொன்னது அவனுக்குப் புரிந்ததா, இல்லை, அவனும் இதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டானா என்று தவசிக்குத் தெரியவில்லை.